கணக்கு உதவியாளர் வேலைக்கு முதல் சிவி: எதை எழுதுவது, எதை விடுவது

கணக்குப் பிரிவு வேலைக்கு வரும் சிவியைப் படிப்பவர் பெரும்பாலும் ஒரு மூத்த கணக்காளராகத்தான் இருப்பார். பில்லையும் பதிவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டே பழகிய கண் அவருடையது. மற்றவர்கள் கவனிக்காமல் தாண்டிப் போகிற விஷயங்கள் அவருக்கு உடனே தட்டுப்படும். ஓர் இடத்தில் தேதி 03/2022 என்றும் இன்னோர் இடத்தில் மார்ச் 22 என்றும் இருக்கும். ஒரு வேலையை விட்டதற்கும் அடுத்ததில் சேர்ந்ததற்கும் நடுவே ஏழு மாதம் காணாமல் போயிருக்கும். பிழையில்லாமல் வேலை செய்வேன் என்று சொல்லும் வரியிலேயே ஓர் எழுத்துப்பிழை இருக்கும். நீங்கள் நாளைக்கு எப்படி வேலை செய்வீர்கள் என்பதை அவர் அந்தத் தாளிலேயே பார்த்துவிடுகிறார்.

வவுச்சர் (ஒரு வரவுக்கோ செலவுக்கோ ஆதாரமான சீட்டு) இல்லாமல் பதிவு போடக் கூடாது என்பது கணக்கில் பாலபாடம். சிவியின் ஒவ்வொரு வரிக்கும் அதே விதியை வைத்துக்கொள்ளுங்கள். "இதற்கு என்ன ஆதாரம்?" என்று நேர்காணலில் கேட்டால், தயங்காமல் சொல்ல உங்களிடம் ஒன்று இருக்க வேண்டும். அப்படி இல்லாத வரியை எடுத்துவிடுங்கள். கீழே சொல்லும் எல்லாப் படிகளுக்கும் இந்த ஒரு விதிதான் அடிப்படை.

விளம்பரத்தைப் பிரித்துப் படியுங்கள்

அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட், அக்கவுண்ட்ஸ் கிளார்க், கணக்கு உதவியாளர் என்று பதவியின் பெயர் ஒன்றுபோலத் தெரிந்தாலும், உள்ளே வேலை ஒன்றாக இருப்பதில்லை. சில இடங்களில் முழுக்கச் சப்ளையர் பில்கள்தான்: வாங்குவது, சரிபார்ப்பது, பதிவது, பணம் கொடுக்கத் தயார் செய்வது. சில இடங்களில் வாடிக்கையாளருக்கு இன்வாய்ஸ் போட்டு, வர வேண்டிய பாக்கியைத் துரத்துவது. இன்னும் சில இடங்களில் சம்பளப் பட்டியல். சிறிய நிறுவனமென்றால் இவை எல்லாமே ஒரே மேசையில் வந்து விழும், கூடவே சில்லறை ரொக்க ஏடும், வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பதும், மாதக் கடைசி வேலைகளும்.

அதனால் விளம்பரத்தைத் தாளில் எடுத்து, அதிலிருக்கும் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். பதிவு செய்தல், ஒப்பிடுதல், பின்தொடர்தல், தயாரித்தல், கோப்பில் வைத்தல். எந்தச் சொல் இரண்டு மூன்று தடவை வருகிறதோ, அதுதான் அவர்களுக்கு இப்போது ஆள் தேவைப்படுகிற இடம். உங்கள் சிவியில் அது சம்பந்தமான வரி மேலே வர வேண்டும். விளம்பரம் எந்த மொழியில் வந்திருக்கிறதோ அந்த மொழியிலேயே எழுதுங்கள். ஒரு வேலைக்கு அவர்கள் என்ன பெயர் சொல்கிறார்களோ அதே பெயரைப் பயன்படுத்துங்கள். பல நிறுவனங்களில் விண்ணப்பங்களை முதலில் ஒரு மென்பொருள்தான் வாங்கி வைக்கிறது. பின்னால் ஆட்கள் அதில் சொல் போட்டுத் தேடும்போது, நீங்கள் வேறு பெயரில் எழுதியிருந்தால் உங்கள் சிவி வராமலே போகலாம்.

கச்சாக் குறிப்பு எடுங்கள்

கணினியைத் திறந்து அழகான டெம்ப்ளேட் தேடுவதற்கு முன்னால், ஒரு நோட்டில் இதுவரை நீங்கள் செய்த கணக்கு சம்பந்தமான எல்லாவற்றையும் எழுதுங்கள். வேலை, பயிற்சி, பகுதிநேரம், படிப்பின்போது செய்தது என்று எதையும் ஒதுக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஆறு கேள்விகள்: என்ன ஆவணம் கையில் வந்தது? அதை வைத்து என்ன செய்தீர்கள்? எந்த மென்பொருளில்? எத்தனை, எவ்வளவு நாளுக்கு ஒரு முறை? யார் சரிபார்த்தார்கள்? கடைசியில் என்ன ஆனது?

இந்தக் குறிப்பு குழப்பமாக, நீளமாக இருந்தால் நல்லதுதான். சிவிக்கு இதிலிருந்து பொறுக்கி எடுப்போம். மீதி நேர்காணலுக்கு உதவும்.

மேல்பகுதி

பெயர், கைபேசி எண், மின்னஞ்சல், வசிக்கும் ஊர். இது போதும். வீட்டு எண், தெரு எல்லாம் வேண்டாம். பிறந்த தேதி, திருமணமானவரா என்பது, அடையாள அட்டை எண், புகைப்படம் இவற்றை விளம்பரத்தில் கேட்டால் மட்டும் கொடுங்கள். சில நாடுகளில் புகைப்படம் வைப்பது வழக்கம், சில நாடுகளில் அது இருந்தாலே சங்கடப்படுவார்கள். அடையாள எண்ணும் வங்கி விவரமும் வேலைக்குச் சேரும்போது கேட்கப்பட வேண்டியவை. முன்பின் தெரியாத ஒரு முகவரிக்கு அவற்றை அனுப்புவது உங்களுக்கே ஆபத்து. பணமும் ரகசியத் தகவலும் புழங்குகிற வேலைக்கு வருகிறவர் தன் தகவலையே இறைத்துவிட்டால், படிப்பவருக்கும் நெருடும்.

மின்னஞ்சல் முகவரி உங்கள் பெயரில் இருக்கட்டும். பள்ளி நாட்களில் விளையாட்டாக வைத்த முகவரி என்றால் புதிதாக ஒன்று தொடங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று வரி அறிமுகம்

"சவாலான பணிச்சூழலில் எனது திறமைகளை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிக்க விரும்புகிறேன்." இந்த வரி ஆயிரக்கணக்கான சிவிகளில் இருக்கிறது. எந்த வேலைக்கும் பொருந்தும் என்பதால் எந்த வேலைக்கும் உதவாது. அதை எடுத்துவிட்டு, நீங்கள் யார், எதில் பழக்கம், எதைத் தேடுகிறீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள்:

"வணிகவியல் பட்டதாரி. ஒரு மொத்த விற்பனை நிறுவனத்தில் ஆறு மாதம் சப்ளையர் பில் பதிவிலும் வங்கிக் கணக்கு ஒப்பீட்டிலும் பயிற்சி. டேலியும் எக்செலும் தினமும் பயன்படுத்தியிருக்கிறேன். சப்ளையர் கணக்குகளைப் பார்க்கும் உதவியாளர் பணியைத் தேடுகிறேன்."

நான்கு சிறு வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் கேள்வி கேட்டுச் சோதித்துப் பார்க்கலாம். இந்தப் பகுதியைக் கடைசியில் எழுதுவது சுலபம். கீழே இருப்பது எல்லாம் முடிந்த பிறகு அதிலிருந்து சாறு எடுத்தால் போதும்.

அனுபவப் பகுதி: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

சமீபத்திய வேலை முதலில். பதவி, நிறுவனம், எந்த மாதம் எந்த வருடம் முதல் எதுவரை. அதன் கீழ் நான்கைந்து வரிகள். இதுவரை எல்லோரும் சரியாகவே செய்கிறார்கள். வரிகளை எழுதும்போதுதான் சறுக்குகிறார்கள். "வங்கி சம்பந்தமான வேலைகளைக் கவனித்துக்கொண்டேன்" என்று ஒரு வரி. காசோலையை வங்கியில் கொண்டுபோய்ப் போட்டதும் இதற்குள் வரும், ஐந்து வங்கிக் கணக்குகளை மாதாமாதம் சரிக்கட்டியதும் இதற்குள் வரும். படிப்பவர் எதை நினைப்பார்? சந்தேகம் வந்தால் சின்னதைத்தான் நினைப்பார்.

அதே வேலையைக் கச்சாக் குறிப்பின் ஆறு கேள்விகளை வைத்து எழுதிப் பாருங்கள்: "இரண்டு வங்கிக் கணக்குகளுக்கு வாரந்தோறும் வங்கிச் சரிகட்டும் பட்டியல் தயாரித்தேன். இன்னும் பணமாகாத காசோலைகள், வங்கி நேரடியாகப் பிடித்த கட்டணங்கள், நம் ஏட்டில் பதிவாகாத வரவுகள் ஆகியவற்றைப் பிரித்துக் காட்டி, மூத்த கணக்காளரின் ஒப்புதலுக்கு வைத்தேன்." வித்தியாசம் எங்கிருந்தெல்லாம் வரும் என்று உங்களுக்குத் தெரியும் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது. வேறு எந்தப் பாராட்டு வார்த்தையும் தேவையில்லை.

சப்ளையர் பில் பக்கம் வேலை பார்த்திருந்தால், கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கொள்முதல் ஆணை, சரக்கு வந்ததற்கான குறிப்பு, இன்வாய்ஸ் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பில்லைப் பணத்துக்கு அனுப்பினீர்களா? அப்படியென்றால் அதை அப்படியே எழுதுங்கள். நூறு பெட்டி ஆர்டர் செய்து, தொண்ணூற்றாறு வந்து, நூறுக்கும் பில் வந்திருக்கும். அந்த நான்கு பெட்டியைப் பிடிப்பதற்குத்தான் அந்த ஒப்பீடு. "அளவிலோ விலையிலோ வேறுபாடு இருந்த பில்களை நிறுத்தி வைத்து, சப்ளையரிடம் கிரெடிட் நோட் கேட்டுப் பெற்றேன்" (கிரெடிட் நோட் என்பது பில் தொகையைக் குறைத்துச் சப்ளையர் தரும் சீட்டு) என்று ஒரு வரி இருந்தால், இந்த வேலை எதற்காக இருக்கிறது என்று புரிந்தவர் நீங்கள் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

வசூல் பக்கம் என்றால், பாக்கிகளை 30, 60, 90 நாள் என்று வயதுவாரியாகப் பிரித்த பட்டியல், யாருக்கு எப்போது நினைவூட்டினீர்கள், வந்த பணத்தை எந்த இன்வாய்ஸுக்கு எதிராக வைத்தீர்கள், யாருடையது என்று தெரியாமல் வந்த தொகையை அனாமத்துக் கணக்கில் போட்டு எப்படிக் கண்டுபிடித்தீர்கள். இவை எல்லாம் எழுதத் தகுந்தவை.

அடுத்து எண்கள். "வாரத்துக்குச் சுமார் 80 பில்கள்" என்பது "ஏராளமான பில்கள்" என்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் எண்ணை ஊகித்துப் போடாதீர்கள். ஒரு வாரத்தை நினைவில் எண்ணிப் பார்த்து, குறைவான பக்கமாகவே வைத்து, "சுமார்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். படிப்பவர் கட்டாயம் பெருக்கிப் பார்ப்பார். ஒரு வரியில் நாளுக்கு 40 பில் என்றும் இன்னொன்றில் வருடத்துக்கு 25,000 பில் என்றும் இருந்தால், வருடத்தில் 250 வேலைநாள் வைத்தால்கூட 10,000தானே என்று அவர் கை தானாகக் கணக்குப் போடும். அதோடு சிவி ஓரமாகப் போய்விடும்.

எண் போடும்போது இன்னொரு ஜாக்கிரதை. பழைய நிறுவனத்தின் விற்பனைத் தொகை, லாபம், யார் யாருக்கு எவ்வளவு பாக்கி, ஊழியர் சம்பளம், வாடிக்கையாளர் பெயர்கள் எதுவும் சிவியில் வரக் கூடாது. எத்தனை கணக்கு, எத்தனை பில், எத்தனை ஊழியருக்கான சம்பளப் பட்டியல் என்று எண்ணிக்கையைச் சொல்லுங்கள். தொகையைச் சொல்லாதீர்கள். பழைய இடத்து ரகசியத்தை இங்கே சொல்பவர் இந்த இடத்து ரகசியத்தை நாளைக்கு வேறு எங்கேயும் சொல்வார் என்றுதான் எவரும் நினைப்பார்கள். என்னைக் கேட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் ஒரு சிவியை ஒதுக்க இந்த ஒரு காரணம் போதும்.

வினைச்சொல்லிலும் நேர்மை வேண்டும். மாதக் கடைசிக் கணக்கை நீங்கள் முடிக்கவில்லை, முடிப்பவருக்குப் பட்டியல்கள் எடுத்துக் கொடுத்தீர்கள் என்றால், "உதவினேன்" என்றே எழுதுங்கள். எதில் உதவினீர்கள் என்பதையும் சேர்த்தால் அது சின்ன வார்த்தையாகத் தெரியாது: "மாத முடிவில் இன்னும் பில் வராத செலவுகளின் பட்டியலைத் தயாரித்து உதவினேன்." கணக்கு உதவியாளரிடம் எதிர்பார்ப்பதே அதைத்தான்.

அனுபவமே இல்லை என்றால்

இந்த இடத்தில்தான் புதியவர்கள் பயந்து, பொழுதுபோக்குகளைப் போட்டுப் பக்கத்தை நிரப்புகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டியதில்லை. கணக்கு என்ற பெயரில்லாமல் நீங்கள் செய்த கணக்கு வேலை ஏதாவது இருக்கும். கடையில் கல்லாவில் உட்கார்ந்து நாள் முடிவில் ரொக்கத்தை எண்ணி, விற்பனைச் சுருக்கத்தோடு ஒப்பிட்டீர்களா? அது ரொக்கச் சரிபார்ப்பு. மாணவர் மன்றத்திலோ ஒரு சங்கத்திலோ பொருளாளராக இருந்து ரசீது போட்டு, செலவுக்கு வவுச்சர் வைத்து, ஆண்டு முடிவில் கணக்கு ஒப்படைத்தீர்களா? வீட்டாருடைய தொழிலுக்குக் கொள்முதல் பில்களை எக்செலில் ஏற்றினீர்களா? எல்லாம் எழுதலாம். என்னவாக இருந்தீர்களோ அந்தப் பெயரிலேயே எழுதுங்கள். கல்லாவில் இருந்ததை "நிதி அலுவலர்" ஆக்க வேண்டாம்.

படிப்பில் செய்த பயிற்சியையும் தனித் தலைப்பில் கொடுக்கலாம். "பயிற்சிக் கணக்குகள்" என்று தலைப்பிட்டு, ஒரு கற்பனை வணிகத்தின் மூன்று மாத நடவடிக்கைகளைக் குறிப்பேட்டில் பதிந்து, பேரேட்டுக்கு மாற்றி, இருப்பாய்வு (பற்று மொத்தமும் வரவு மொத்தமும் சமமா என்று பார்க்கும் பட்டியல்) வரை கொண்டுவந்தேன் என்று எழுதினால் அது பொய்யும் இல்லை, வெற்று வார்த்தையும் இல்லை. இன்னும் செய்யவில்லை என்றால், விண்ணப்பிக்கும் முன் இரண்டு வாரம் உட்கார்ந்து ஒன்றைச் செய்துவிடுங்கள். அதில் தடுமாறிய இடங்கள்கூடப் பயன்படும். உதாரணத்துக்கு, இருப்பாய்வில் 270 வித்தியாசம் வருகிறது. 270ஐ 9ஆல் மீதியில்லாமல் வகுக்க முடிகிறது. அப்படி வந்தால், எங்கோ ஓர் எண்ணில் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று தேட வேண்டும். 1,850 என்பது 1,580 என்று பதிவாகியிருக்கும். அப்படியும் கிடைக்காவிட்டால் 270இல் பாதியான 135ஐத் தேடிப் பாருங்கள். பற்றில் போக வேண்டியது வரவில் போயிருந்தால் வித்தியாசம் இரண்டு மடங்காகத்தான் தெரியும். பிழையை எப்படித் தேடுவீர்கள் என்று நேர்காணலில் கேட்கும்போது, இதைச் செய்து பார்த்தவர் சொல்லும் பதில் தனியாகத் தெரியும்.

மென்பொருள் திறன்

"எம்எஸ் ஆபீஸ் நன்றாகத் தெரியும்" என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. எக்செலில் எதைச் செய்வீர்கள் என்று எழுதுங்கள்: பிவட் டேபிள் போட்டு சப்ளையர்வாரியாகத் தொகுப்பது, வீலுக்அப் வைத்து இரண்டு பட்டியல்களை ஒப்பிடுவது, சம்இஃப்ஸ் கொண்டு மாதவாரியாகக் கூட்டுவது. வீலுக்அப் செய்வதையே செய்யும் புதிய சூத்திரமான எக்ஸ்லுக்அப்பை மட்டும் பழகியவர்கள் வீலுக்அப்பையும் ஒரு தடவை பழகிக்கொள்ளுங்கள். எக்செல் 2019இலும் அதற்கு முந்தைய பதிப்புகளிலும் எக்ஸ்லுக்அப் கிடையாது. தேர்வு வைக்கும் கணினியில் எந்தப் பதிப்பு இருக்கும் என்று நமக்குத் தெரியாது அல்லவா.

டேலி, குவிக்புக்ஸ், ஜீரோ, சேஜ், எஸ்ஏபி என்று கணக்கு மென்பொருள் எதுவானாலும், பெயரோடு எந்த வேலைக்குப் பயன்படுத்தினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பில் பதிவதற்கு மட்டும் என்றால் அதை மட்டும். விளம்பரம் கேட்கும் மென்பொருள் தெரியாவிட்டால், தெரிந்த ஒன்றைச் சொல்லி விண்ணப்பியுங்கள். ஒன்றில் நன்றாகப் பழகியவர் இன்னொன்றுக்கு மாறுவது பெரிய பாடில்லை. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம், 80 சதவீதம் நிரம்பிய பட்டை என்று திறனை வரைந்து காட்ட வேண்டாம். எதை வைத்து அளந்தீர்கள் என்று கேட்டால் பதில் கிடையாது.

படிப்பு

சமீபத்தியது முதலில். கணக்கியல், வரி, தணிக்கை, செலவுக் கணக்கியல் போன்ற பாடங்களைப் படித்திருந்தால் ஒரு வரியில் சொல்லலாம். சிஏ, ஏசிசிஏ போன்ற தொழில்முறைத் தேர்வுகளைப் பாதியில் வைத்திருந்தால், எந்தத் தாள்கள் முடிந்தன, எது மீதி என்று தெளிவாக எழுதுங்கள். "சிஏ" என்று மட்டும் போட்டுவிட்டு நேர்காணலில் விளக்குவது நம்பிக்கையைக் கெடுக்கும்.

வடிவம்

புதியவருக்கு ஒரு பக்கம், கொஞ்சம் அனுபவம் இருந்தால் இரண்டு. பக்கத்தை இரண்டாகப் பிரிக்காமல், ஒரே நெடுவரிசையாக மேலிருந்து கீழே போகும் எளிய அமைப்பு. இரண்டு நெடுவரிசை டெம்ப்ளேட், பெட்டிக்குள் எழுத்து, ஐகான், தலைப்புப் பட்டையில் தொலைபேசி எண் இவை கண்ணுக்கு நன்றாக இருக்கும். ஆனால் விண்ணப்பங்களைப் படிக்கும் மென்பொருள் சில சமயம் இவற்றைத் தவறான வரிசையில் படிக்கும், அல்லது விட்டுவிடும். சோதிக்க ஒரு வழி: பிடிஎஃப்பைத் திறந்து முழுவதையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே வரிசை மாறாமல், எண் தொலையாமல் வந்தால் சரி. தாளை ஸ்கேன் செய்து அனுப்பினால் அதில் எழுத்தே இருக்காது, படம்தான் இருக்கும். வேர்டிலிருந்தே நேராகப் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள்.

தேதிக்கு ஒரே வடிவம், எண்ணில் காற்புள்ளிக்கு ஒரே முறை, வலது ஓரத்தில் வரும் தேதிகள் ஒரே நேர்கோட்டில். இடைவெளி இருந்தால் மறைக்க வேண்டாம். "குடும்பப் பொறுப்பு", "தேர்வுக்குத் தயாரிப்பு" என்று மாதங்களோடு ஒரு வரி போதும்.

சரிபார்ப்பது

எழுதி முடித்த அன்றே அனுப்பாதீர்கள். மறுநாள் அச்செடுத்து, பென்சிலோடு உட்காருங்கள். தேதிகளை மட்டும் ஒரு சுற்று பாருங்கள். சான்றிதழில் உள்ள தேதியோடு, பணிச் சான்றில் உள்ள தேதியோடு ஒத்துப்போகிறதா என்று டிக் போடுங்கள். அடுத்த சுற்றில் எண்கள். அப்புறம் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். அர்த்தத்தின் ஓட்டத்தில் கண் தாவிவிடாமல் எழுத்துப்பிழை அகப்படும். கைபேசி எண்ணைத் தாளைப் பார்த்து, வேறொரு போனிலிருந்து அழுத்திப் பாருங்கள். அழைப்பு உங்களுக்கு வர வேண்டும். பிறகு வேறு ஒருவரிடம் கொடுத்து, உங்களைக் கேட்காமலே ஒவ்வொரு வரியும் புரிகிறதா என்று சொல்லச் சொல்லுங்கள்.

அனுப்புவது

கோப்புக்கு உங்கள் பெயரும் பதவியின் பெயரும் வரும்படி பெயர் வையுங்கள். "புதிய சிவி கடைசி 3" என்ற பெயரில் போனால் அங்கே பத்து கோப்புகளுக்குள் அது தொலைந்துவிடும். மின்னஞ்சலின் தலைப்பில் பதவியும், விளம்பரத்தில் எண் கொடுத்திருந்தால் அந்த எண்ணும். உள்ளே ஐந்தாறு வரி: எந்தப் பணிக்கு விண்ணப்பிக்கிறீர்கள், அவர்கள் கேட்டதில் எது உங்களிடம் இருக்கிறது, எப்போது சேர முடியும். சிவியிலுள்ளதை அப்படியே திரும்ப எழுத வேண்டாம். சான்றிதழ்களைக் கேட்காமல் இணைக்கவும் வேண்டாம்.

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் சிவியில் வரிகளின் வரிசை கொஞ்சம் மாறும் என்பதால், எங்கே எந்தப் பிரதி போனது என்று ஒரு எக்செல் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்: தேதி, நிறுவனம், பதவி, அனுப்பிய கோப்பின் பெயர், பதில். விளம்பரத்தையும் கூடவே சேமித்து வையுங்கள், ஏனென்றால் நேர்காணலுக்கு அழைக்கும் நேரத்தில் இணையத்திலிருந்து அதை எடுத்திருப்பார்கள். அழைப்பு வந்ததும் அந்த இரண்டையும் எடுத்து, சிவியின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதற்கான ஆதாரத்தையும் ஓர் உதாரணத்தையும் பென்சிலால் குறித்துக்கொண்டு போங்கள்.